நாலு மாத்திரையில் ரெண்டு

தெக்லா பிறந்தது ஆலைக்குப் போகிற சர்க்கரைப் பீட்கிழங்கு தோண்டுகிற மாசத்தில். வளர்ந்ததும் கிழங்கு வயலில்தான். கட்டிக்கொண்டதும் அதே வயலில் டிராக்டர் ஓட்டினவனைத்தான். நாற்பத்தேழு வயசு வரைக்கும் அவளைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்கும் பெரிசாக ஒன்றும் இருந்ததில்லை. அதிர்ந்து பேசமாட்டாள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலில் கொடுக்கிற ஆசீர்வதித்த ரொட்டித் துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற மூன்று பேருடைய வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெறும் வயிற்றில் வாயில் போட்டுக்கொள்ள வேண்டிய ரொட்டி அது. நகக்கண் அளவு துணுக்காக இருந்தாலும் முழு ரொட்டியின் அருளும் அதில் இருக்கும். எங்கள் பக்கத்தில் இது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணை கலைந்த வருஷமே, ஆற்றுச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் கோர்னெலுக்கு அப்போது எட்டு வயசு. இரண்டு பசு, கையகல நிலம், கிணற்றோரம் நாலு வரிசைத் திராட்சை, இவற்றை வைத்துக்கொண்டு தெக்லா அவனை ஆளாக்கினாள். மீசை அரும்பினதும் அவன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். மால்டோவாவில் பையன்கள் மீசை முளைத்தால் பஸ் ஏறுவார்கள், பெண்கள் பிள்ளை பெற்றபின் ஏறுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் கோழியையும் கல்லறையையும் பார்த்துக்கொள்வார்கள். அதனால் அவன் போனதையும் யாரும் ஒரு சேதியாகப் பேசவில்லை.

நோய் வந்தது ஒரு திராட்சை அறுவடை முடிந்த கையோடு. முதலில் மாலையில் காய்ச்சல், அப்புறம் இருமல், அப்புறம் உடம்பில் இருந்த சதையெல்லாம் யாரோ கடன் கேட்டு வாங்கிப் போன மாதிரி கரைந்தது. தெக்லா தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தாள். நாய்க் கொழுப்பை உருக்கிச் சூடான பாலில் விட்டு மூன்று வாரம் குடித்தாள். ஒருநாள் கிழங்கு வயலில் இருமி நிமிர்ந்தபோது மண்ணில் ரத்தம் கிடந்தது. ஊர்ச் சுகாதார நிலையத்து நர்சு வசிலிசா சேதி கேட்டு ஓடிவந்து, வயலிலேயே அவள் கையைப் பிடித்தாள்.

"நாய்க் கொழுப்பா குடிச்ச? குடிச்சு என்ன ஆச்சு? இருமல் போச்சா? ஊளை விடறது ஒண்ணுதான் பாக்கி. நட, வண்டி நிக்குது."

காசநோய் என்று மாவட்டத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு மாசம் அங்கேயே வைத்திருந்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் நாலு மாசம், தினம் காலையில் வெறும் வயிற்றில் நாலு சிவப்பு மாத்திரை, வசிலிசாவின் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள்:

"கிருமியை அடிச்சா செத்துப் போற மாதிரி அடிக்கணும். பாதி அடி அடிச்சா அதுக்கு நீங்களே பாடம் சொல்லிக் குடுக்கிறீங்கன்னு அர்த்தம். அப்புறம் அந்த மருந்து அதை ஒண்ணும் பண்ணாது."

தெக்லாவும் கேட்டாள். ஆனால் பக்கத்துக் கட்டில்களில் மருந்தை விட்டுவிட்டுக் குடிக்கப் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்கிற புத்தி என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ரொட்டித் துணியை முடிந்துகொண்டு போனாள். முதல் வீட்டு மருமகள் கதவைத் திறக்காமல் ஜன்னலில் நின்று சொன்னாள்:

"வேலி மேல வெச்சுட்டுப் போங்கக்கா. கோழி தின்னாலும் பரவாயில்ல."

மற்ற இரண்டு வீடுகளுக்கு அவள் போகவில்லை. அந்தத் துண்டுகளைத் தானே சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டவர் பட்ட அவமானத்துக்கு முன் இது எம்மாத்திரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒன்று மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. இந்த நோயின் பேர் ஒருமுறை ஒட்டினால், உடம்பை விட்டாலும் வாசலை விடாது.

எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு முதல்நாள் கோர்னெல் வந்தான். பனியில் நனைந்த கோட்டோடு வாசலில் நின்றான். கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னத்தில் மட்டும் சாயம் பூசின மாதிரி சிவப்பு. அந்தச் சிவப்பை அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் பார்த்தவள்.

"எப்ப இருந்துடா இருமல்?"

"சிமெண்டுத் தூசும்மா. மாஸ்கோவில எவன் இருமல? ஒரு ரூம்ல ஒன்பது பேரு. ஒருத்தன் இருமினா மீதி எட்டுப் பேரும் எதிர்ப்பாட்டு பாடுவோம்."

மறுநாள் காலையில் தலையணைக்கு அடியில் கைக்குட்டையைப் பார்த்தாள். ரத்தக் கோடு இருந்தது. அவனை எழுப்பி உட்கார வைத்தாள்.

"கெளம்பு. வசிலிசா கிட்ட போலாம்."

"போனா?"

"எக்ஸ்ரே எடுப்பா."

"எடுத்துட்டு?"

"மருந்து குடுப்பாங்கடா. நான் தேறலையா?"

"அம்மா, பேரை எழுதுவாங்கம்மா. பேரை எழுதினா எனக்கு அங்க வேலைச் சீட்டு கெடைக்காது. எல்லையிலயே 'மால்டோவாக்காரன், சொத்தை நெஞ்சு, திரும்பிப் போ'ன்னுவான். இலின்கா வீட்ல என்ன சொல்லுவாங்க? மாமியாருக்கும் காசம், மாப்பிள்ளைக்கும் காசம், சீர் வரிசையில துப்புற டப்பா ரெண்டு வெச்சுடுங்கன்னு ஊரே சிரிக்கும்."

இலின்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டிக் கடையில் நிற்கிற பெண். நல்ல கை, நல்ல வாய். ஈஸ்டர் முடிந்து நிச்சயம், அறுவடை முடிந்து கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கோர்னெல் அவள் பேரைச் சொல்லும்போது மட்டும் இருமலை அடக்கிக்கொண்டு பேசுவான்.

"செத்துப் போனா கல்யாணம் எங்கடா?" என்றாள் தெக்லா.

"சாக மாட்டேன். குளிர் போனா இருமலும் போயிடும். நீ யார் கிட்டயாவது வாயைத் திறந்த, இன்னிக்கே பஸ் ஏறிடுவேன். அப்புறம் என் மூஞ்சியைப் பாக்க மாட்ட."

ஏறிவிடுவான். அப்பன் பிடிவாதம் அப்படியே அவனுக்கு. தெக்லா சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி முழங்காலில் வெகுநேரம் நின்றாள். அங்கேதான் அந்த எண்ணம் வந்தது. அது கெட்ட எண்ணமாக வரவில்லை. பதில் கிடைத்த மாதிரி வந்தது. வெறும் வயிற்றில் விழுங்குகிற மருந்து. ஆண்டவர் தனக்கு அனுப்பி, தன்னைத் தேற்றின மருந்து. ரொட்டியில் ஒரு துணுக்கு முழு ரொட்டிக்குச் சமானம் என்றால், பெற்ற பிள்ளைக்கு அதில் பங்கு கொடுத்தால் அருள் குறைந்தா போகும்? நாலில் இரண்டு அவனுக்கு, இரண்டு தனக்கு. தான்தான் தேறியாயிற்றே.

மறுநாள் சுகாதார நிலையத்தில் நாலு மாத்திரையையும் வாயில் போட்டாள். இரண்டை விழுங்கி, இரண்டைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கினாள்.

"நாக்கைத் தூக்கு," என்றாள் வசிலிசா. தூக்கினாள். "போதும், போ. உன்னைச் சோதிக்கிறதே பாவம்க்கா. அந்தக் குடிகாரன் இருக்கானே, மாத்திரையைத் தாடிக்குள்ள ஒளிக்கிறான்."

வாசலைத் தாண்டினதும் வெள்ளைத் துணியில் இருமுகிற மாதிரித் துப்பி முடிந்துகொண்டாள். மாத்திரையின் சிவப்பு மேல்பூச்சு கரைந்து துணியெல்லாம் சாயம். வீட்டில் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஒருநாள் வசிலிசாவே கேட்டாள்.

"துணியில என்னக்கா அது?"

"பீட்ரூட்டு."

அவள் வாழ்க்கையில் தெரிந்து சொன்ன முதல் பொய் அதுதான் என்று பின்னால் சொல்வாள்.

கோர்னெல் முதலில் முகம் சுளித்தான். "உன் வாயில இருந்து எடுத்ததா?"

"நீ ஆறு மாசக் குழந்தையா இருக்கிறப்ப நான் மென்னுதான் உனக்கு ஊட்டினேன். அப்ப சுளிச்சியா? முழுங்கு."

விழுங்கினான். பத்து நாளில் காய்ச்சல் நின்றது. மூன்று வாரத்தில் ஒரு சட்டி மக்காச்சோளக் களியை ஆட்டுப்பால் சீஸோடு ஒரே ஆளாகக் காலி பண்ணினான். ஒருநாள் கொல்லையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"அம்மா, உன் மாத்திரைச் சாயம் இறங்கி மூத்திரம் திராட்சை ரசம் மாதிரி போகுது. பீப்பாயில பிடிச்சு வெச்சா வித்துடலாம்."

தெக்லாவும் சிரித்தாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அந்தக் குளிர்காலத்தில்தான் இருந்தது. இலின்கா வந்து அடுப்போரம் உட்கார்ந்து, "என்ன அத்தை, பிள்ளைக்கு மந்திரிச்சுக் கட்டினீங்களா? ஆளு பளபளன்னு இருக்கானே," என்று கேட்டபோது, தெக்லா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு விறகைத் தள்ளினாள்.

மார்ச்சு பிறந்ததும் அவன் கிளம்பினான். வேலைச் சீட்டுக்கான எக்ஸ்ரேயை மாஸ்கோவில் இன்னொருத்தன் தன் நெஞ்சைக் காட்டி எடுத்துக் கொடுத்தான். இதெல்லாம் அங்கே நடைமுறைதானாம். அவனுக்குக் காய்ச்சல் நின்றதிலிருந்து தன் பங்கிலும் தினம் ஒன்றாகத் தெக்லா சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைக் காலுறைக்குள் போட்டுக் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு வந்திருக்கும். அது தீர்ந்ததும் அவன் மருந்தை மறந்தான். இருமல் அவனை மறக்கவில்லை.

மேயில் தெக்லாவுக்கே காய்ச்சல் திரும்பியது. நாலு மாசக் கணக்கு முடிகிற நேரம். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது. டாக்டரம்மா வசிலிசாவின் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு நாள்கூடத் தவறாம டிக் போட்டிருக்கீங்க. பார்த்துப் போட்டதா, பார்க்காம போட்டதா?"

வசிலிசாவின் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. திரும்பி வருகிற வண்டியில் நோட்டை மடியில் வைத்து மூடினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என்னைப் பாத்துச் சொல்லு. மாத்திரையைத் துப்பினியா?"

இல்லை என்று தெக்லா தலையை ஆட்டினாள். கன்னித்தாய் மேல் ஆணையிட்டுச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. ஆணையிட நா எழவில்லை. வசிலிசா அதைக் கவனித்தாளோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெக்லாவின் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்கச் சளியைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். விடை வர மாசக்கணக்காகும். அதற்குள் ஜூன் நடுவில் கோர்னெலைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏணியில் நின்றவன் ரத்தம் கக்கி விழுந்தானாம். கூட வேலை செய்த இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் அதே பஸ்ஸில் போய்விட்டார்கள். இந்தத் தடவை அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடிக்க உடம்பில் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனை உட்கார வைத்து எழுத ஆரம்பித்தாள். தெக்லா பக்கத்தில் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி காச மாத்திரை சாப்பிட்டது உண்டா?"

"இல்ல," என்றான் கோர்னெல்.

"யோசிச்சுச் சொல்லு. ஒரு நாள்? ரெண்டு நாள்? மாஸ்கோவில யாராவது குடுத்தாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் சாப்பிட்டதில்ல."

டாக்டரம்மா தெக்லாவை நிமிர்ந்து பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் பார்த்தாள். தெக்லாவுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வசிலிசாவின் சிவந்த கழுத்து, ஊர் வாசல்கள், இலின்காவின் அப்பா, பெற்ற மகனைப் பொய்யன் ஆக்குவது. வாயைத் திறந்தாள். மகன் அவள் பாவாடை மடிப்பைக் குழந்தையில் பிடிக்கிற மாதிரி இழுத்தான். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ மாஸ்கோவில ஒட்டினது, புது நோயாளி," என்று டாக்டரம்மா எழுதினாள். "வழக்கமான மருந்தையே ஆரம்பிப்போம். இவன் சளியையும் தலைநகருக்கு அனுப்பறேன். விடை வந்தா பாக்கலாம்."

அதே சிவப்பு மாத்திரைகள்தான். கிருமி ஏற்கெனவே பாடம் படித்து முடித்த மாத்திரைகள்.

ஜூலையில் தெக்லாவின் விடை வந்தது. இரண்டு முக்கிய மருந்துக்கும் அடங்காத காசம். அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் பகுதி கீழே, ஆண்கள் பகுதி மேலே. இரண்டு வருஷ வைத்தியம், கைப்பிடி கைப்பிடியாக மாத்திரை, தினம் இடுப்பில் ஒரு ஊசி. மாத்திரை சாப்பிட்டால் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி வரும். அப்படியும் அவள் ஒன்றைக்கூடத் துப்பவில்லை. சாயங்காலம் முற்றத்தில் லிண்டன் மரத்தடிப் பலகையில் அம்மாவும் மகனும் உட்காருவார்கள்.

"டாக்டரம்மா கிட்ட சொல்லிடறேன்டா."

"என்னன்னு? திருடின மருந்தை என் பிள்ளைக்குக் குடுத்தேன்னா? வசிலிசாக்காவை வேலையை விட்டுத் தூக்குவாங்க. உன்னை என்ன பண்ணுவாங்களோ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "மருந்து வேலை செய்யுதும்மா. நேத்து ரெண்டு கரண்டி களி தின்னேன்."

ஒரு சட்டி களியைக் காலி பண்ணினவன் இரண்டு கரண்டியைப் பெருமையாகச் சொன்னான். அவளுக்கு விடை அதிலேயே இருந்தது. ஆனாலும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். அவன் தேறுவதாக ஒருநாள் தோன்றும். தேறினால் சொல்லவே வேண்டாமே என்று இருக்கும். மறுநாள் மோசமாகத் தெரியும். இப்போது சொல்லி என்ன என்று இருக்கும். இப்படியே ஆகஸ்டு வந்தது.

மாதாவின் விண்ணேற்றத்துக்கு முந்தின நோன்பில் ஊர்ச் சாமியார் கெனாதி, ஆஸ்பத்திரியில் கிடக்கிற தன் பங்கு மக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். பருத்த மனுஷன், சிரித்த முகம், தேனீ வளர்ப்பவர். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெக்லா முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கன்னத்தில் ஒதுக்கினது, துணி, காலுறை, டாக்டரம்மா கேட்டபோது வாயை மூடிக்கொண்டது, ஒன்றுவிடாமல். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"சாமி, மன்னிப்பு ஜெபம் வாசிங்க."

"மாட்டேன்," என்றார் அவர்.

தெக்லா நிமிர்ந்தாள்.

"ஆண்டவருக்கு இது ஜனவரியிலயே தெரியும் தெக்லா. எனக்குத் தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நான் தேன் எடுக்கிறவன், எனக்கு என்ன மருந்து தெரியும்? தெரிய வேண்டியது அந்தம்மாவுக்கு. அவ மேஜை இங்கிருந்து இருபது படி மேல இருக்கு. முதல்ல அங்க போ."

"பையன் முகத்துல முழிக்க முடியாது சாமி. வசிலிசாவுக்கு..."

"பையன் முழிச்சுக்கிட்டு இருக்கணுமா வேண்டாமா? எழுந்திரு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். சொல்லிட்டு வா, வாசிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தெக்லா கைப்பிடியைப் பிடித்துப் படியேறினாள். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றாள். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தெக்லா நின்றபடியே சொல்லி முடித்தாள். பேனா மேஜையில் அப்படியே நின்றது. திட்டு விழும் என்று தெக்லா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள்.

"ஒன்பது வாரம்," என்றாள். "ஜூன்ல சொல்லியிருந்தா, இப்ப நீங்க சாப்பிடற மருந்தை அன்னிக்கே அவனுக்கு ஆரம்பிச்சிருப்பேன்மா."

எழுந்து மகனின் அட்டையை எடுத்து, பழைய மருந்துகளைக் கோடு போட்டு அடித்தாள். அன்று சாயங்காலமே கோர்னெலுக்கு முதல் ஊசி விழுந்தது. சாமியார் சொன்னபடியே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெக்லா தலைமேல் தன் கழுத்திலிருந்த பூசைத் துண்டைப் போர்த்தி ஜெபத்தை வாசித்தார். அவளுக்கு அழுகை வரவில்லை.

கோர்னெல் இரண்டு நாள் பலகைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவனே பலகைக்கு வந்தான்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"டாக்டரம்மா என்னைக் கழுதைன்னா."

"என்னை ஒண்ணும் சொல்லல."

"உன்னைச் சொல்ல அந்தம்மாவுக்கு மிருகம் எதுவும் அகப்பட்டிருக்காது," என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமலாக வந்தது.

செப்டம்பரில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தான். சளியில் கிருமி குறைகிறது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் ஒரு பக்கத்து நுரையீரல் உளுத்த கட்டை மாதிரி உள்ளே பொந்தாகப் போயிருந்தது. புது மருந்து கிருமியைப் பிடித்தது, பொந்தை அடைக்க அதற்குத் தெரியவில்லை.

அந்த மாசத்தில்தான் தெக்லாவின் காதில் இரைச்சல் ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் தேனீக் கூட்டம் மாதிரி, அப்புறம் ஓயாமல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி. இந்தத் தடவை அவள் ஒரு நாள்கூட மறைக்கவில்லை. அன்றைக்கே போய்ச் சொன்னாள். ஊசியால் வருவது என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தார்கள். அப்படியும் காது போய்க்கொண்டேதான் இருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஓரம் தேய்ந்தன. அக்டோபரில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் ஏதோ விழும்.

அதனால் அந்தச் செய்தியை அவளுக்கு மெதுவாகச் சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. காலையில், கஞ்சி நேரத்தில், மேல்மாடி நர்சு ஒருத்தி ஓடிவந்து தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"என்னம்மா?"

மறுபடி சொன்னாள். தெக்லா காதைக் காட்டினாள். அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். அப்புறம் பகுதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி, காதுக்குள் கத்தினாள்.

"ரத்தம் கக்கி... போயிட்டான்! உங்க பையன்! போயிட்டான்மா!"

கடைசி வார்த்தைதான் விழுந்தது. அது போதுமாக இருந்தது.

அடக்கத்துக்கு அவளை ஒரு நாள் விட்டார்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. ஊர் முழுக்க வந்திருந்தது, ஆனால் வேலிக்கு வெளியே நின்றது. வசிலிசா மட்டும் உள்ளே வந்து, அடுப்பை மூட்டி, சாவு வீட்டுக் கோதுமைக் கஞ்சியைக் கிண்டினாள். அவள் மேல் விசாரணை வந்து, எச்சரிக்கை எழுதிக் கொடுத்து, அதோடு விட்டிருந்தார்கள். தெக்லா அவள் காலைப் பிடிக்கப் போனாள். வசிலிசா கரண்டியாலேயே அவளை விலக்கி, உரக்கச் சொன்னாள்:

"என்னை ஏமாத்தினதுக்கு ஒருநாள் உன்னோட நல்லா சண்டை போடுவேன்க்கா. இன்னிக்கு இல்ல. நகரு, கஞ்சி அடி பிடிக்குது."

கல்லறையிலிருந்து திரும்பும்போது இலின்கா பக்கத்தில் வந்தாள். அவளுக்கும் சளி எடுத்திருந்தார்கள், கிருமி இல்லை. அந்த மாஸ்கோ ரூமில் இருந்தவர்களில் இரண்டு பேருக்கு இருந்தது. கருப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். தெக்லாவின் காதுப் பக்கம் குனிந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் அத்தை."

தெக்லாவுக்குக் கேட்டது. எப்படிக் கேட்டதோ தெரியாது.

"உங்க அப்பா..."

"எங்கப்பாவா கட்டிக்கப் போறாரு? நான் அவன் காதைத் திருகி இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம், ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருப்பேன். நான் காத்திருக்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது? எங்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

சொல்லிவிட்டு வேகமாக முன்னால் நடந்துபோனாள். அவளுடைய கோபம் நியாயம். அடுத்த வருஷம் இத்தாலிக்குப் போனாள், அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள் என்று சொல்கிறார்கள். சந்தோஷமாக இருக்கட்டும்.

தெக்லா இரண்டு வருஷ மருந்தையும் முடித்தாள். தேறிவிட்டாள். பிழைத்தது எதற்கு என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை, ஆண்டவரிடம் கேட்டிருக்கலாம். எந்த வீட்டில் யார் இருமினாலும் போய் நிற்பாள். அவர்கள் சொல்கிற சாக்கு அவளுக்குக் கேட்காது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடப்பாள். சிலர் கையை உதறிக்கொண்டு திட்டுவார்கள், அதுவும் கேட்காது.

சனிக்கிழமைகளில் இறந்தவர்களுக்கான பூசை. எல்லாரும் தங்கள் செத்தவர்களின் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், கெனாதி சாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். வேண்டப்பட்ட பேர் வரும்போது அவரவர் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். தெக்லா முன்வரிசையில் நின்று அவர் வாயையே பார்ப்பாள். தாடிக்குள் உதடு அசைவது தெரியும், எந்த அசைவு கோர்னெல் என்று தெரியாது. அதனால் அவள் முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும், விடாமல், எல்லாப் பேருக்கும் சிலுவை போட்டுக்கொண்டே நிற்பாள்.